எதற்கெல்லாம் கத்தும்

இயற்பியல் வாத்தியார் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள்.
முழ நீளக் கருப்புத் தடி, ஒன்பது வோல்ட் பேட்டரி.
தேவனாம்பட்டினத்து மாசிமகக் கூட்டத்தில்
சோதனைக்கு வைத்திருந்ததாம்;
சுவிட்சில் இன்னும் மணல் நெறுநெறுக்கிறது.

காலை எட்டே முக்கால். முதுநகர்ப் பள்ளி வாசல்.
கிழக்குக் காற்றென்றால் கருவாட்டு வாடை,
தெற்கே சிப்காட் பக்கமிருந்து வந்தால்
பெயர் வைக்காத வாடை.
ஆறாம் வகுப்பிலிருந்து வரிசை.
சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல்
கைகளை விரித்து நிற்கிறார்கள்.

கத்துகிறது.
எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கு, காம்பஸ் பெட்டிக்கு,
துப்பட்டாவில் குத்திய ஊக்குக்கு,
ரிஸ்வானின் தாயத்துக்கு, ஜெபராணியின் சிலுவைக்கு.
பரணிதரனின் இடது முழங்கைக்கும் கத்தியது.
படகிலிருந்து விழுந்த வருடம்
ஜிப்மரில் உள்ளே வைத்த தகடு.
"இதையும் கழட்டணுமா சார்?"
வரிசை சிரித்தது. நானும்.

ஆவணியில் யாரும் சிரிக்கவில்லை.
பதினொன்று 'பி'யில் ஒருவன் பையிலிருந்து
கத்தி வெளியே வந்தபோது
ஒன்பது 'ஏ'வில் குழியாடி நடத்திக்கொண்டிருந்தேன்.
மணி நிற்காமல் அடித்தது.
கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் இல்லை,
இரண்டு வருடமாக எழுதிக் கேட்கும் தாழ்ப்பாள்.
மூன்று பெண்கள் துப்பட்டாக்களை ஒன்றாய் முடிந்து
கைப்பிடியைச் சன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினார்கள்.
நாற்பது நிமிடம்.
பெஞ்சுக்கடியில் அறுபத்திரண்டு பிள்ளைகள்.
ஒருவன் மட்டும் முணுமுணுவென்று
பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான்.
எட்டாவது வரியில் தப்பு.
நான் திருத்தவில்லை.

வெட்டுப்பட்டவனுக்குப் பதினான்கு தையல்.
வெட்டியவன் கூர்நோக்கு இல்லத்தில்.
எதற்குச் சண்டை என்று
வாசலில் மாங்காய் விற்பவருக்கும் தெரியும்.
அறிக்கையில் 'தனிப்பட்ட முன்விரோதம்'.

மேலாண்மைக் குழுக் கூடியது.
ஏர்போர்ட்டில் இருக்கிற மாதிரி முழு வாசலே
வாங்கித் தருகிறேன் என்றார்
ஐஸ் பேக்டரி தட்சிணாமூர்த்தி.
மேலே பெயர் மட்டும் போட்டால் போதுமாம்.
"அந்தக் காசுல பொம்பளப் புள்ளைவோ கக்கூசுக்குக்
கதவு போடுங்க" என்றார் அஞ்சலாட்சி,
மீன்கூடையை வெளியே வைத்துவிட்டு வந்தவர்.
நானும் ஏதோ சொன்னேன்:
பிள்ளைகளைத் திருடர்கள்போல, நம்பிக்கை, அப்படி.
கடைசி வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள்.
"பதினாலு தையலுங்க. மிஷின் வையுங்க."
என் வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.
தேநீர் வந்தது.
வாசலுக்குக் கரண்ட் தாங்காது, தடி போதும் என்று
எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

மூன்றாம் நாள் இளஞ்சேரன் பைக்குக் கத்தியது.
பன்னிரண்டாம் வகுப்பு.
தினத்தாளில் சுற்றிய மீன் வெட்டும் கத்தி,
அலகில் ஒட்டிய ஒரு வஞ்சிரச் செதில்.
நாலரைக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டுமாம்,
வீட்டுக்குப் போய் எடுத்து வந்தால்
அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவானாம்.
விதிப்படி நான் போலீசுக்குச் சொல்ல வேண்டும்.
மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் மாலை நாலு பத்துக்கு
ஒரு மாணவன் கையில் கத்தி கொடுக்கிறேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
இரவில் சில சமயம் தையல்களை எண்ணுகிறேன்.

அவன் மணிக்கட்டில் இரண்டு வண்ணக் கயிறு.
என்ன வண்ணம் என்று சொல்ல மாட்டேன்.
வெட்டியவன் கையிலும் கயிறு இருந்தது,
வெட்டுப்பட்டவன் கையில் வேறு கயிறு.
தடியை அதன்மேல் எத்தனை முறை ஓட்டினாலும்
நூலுக்குக் கத்தாது. பாடத்திலேயே இருக்கிறது.

பேட்டரி தீர்ந்து ஒன்பது நாள்.
எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
சும்மாதான் அசைக்கிறேன்; ஆறாம் வகுப்பு ஒருவன்
எனக்காக வாயாலேயே 'பீப்' என்கிறான்.

இன்று காலை, ஊமைத் தடிக்கு முன்னால்
இளஞ்சேரன் நின்றான்.
செத்த பேட்டரி அவனுக்கும் தெரியும்.
பையைத் திறந்து, தாளைப் பிரிக்காமல்,
பிடி என் பக்கமாக நீட்டினான்.
கயிறு அப்படியேதான் இருந்தது.